காலி வீதியில் போன என் குரல்

1

ஊர்ச் சங்க மலரில் எழுதுகிறவர்கள் பெயருக்கு முன்னாலும் பின்னாலும் பட்டம் போட்டுக்கொள்கிறார்கள். எனக்குப் பட்டம் இல்லை. மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் வகுப்புக்கு வெளியே. அதனால் நான் கட்டினதைச் சொல்கிறேன். அதுதான் என் பட்டம்.

ராமேஸ்வரத்தில் கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கி, கொழும்புக்கு ரயில் பிடித்தபோது எனக்கு மீசை முளைக்கவில்லை. புறக்கோட்டையில் தூரத்துச் சொந்தக்காரர் பாத்திரக் கடையில் அண்டா துடைத்தேன். அங்கே அண்டா துடைத்த மற்றவர்கள் கடைசிவரை அண்டாதான் துடைத்தார்கள். நான் கொட்டாஞ்சேனைக்குப் போய், பழைய கூம்பு ஒலிபெருக்கி ஒன்றை வாங்கி, கழற்றிப் பூட்டி, மறுபடி கழற்றித் தொழில் படித்தேன். தள்ளுவண்டியில் ஒலிபெருக்கி கட்டி அந்தத் தெருக்களில் போன முதல் ஆள் நான். தங்கம் சவுண்ட்ஸ் என்று போர்டு வைத்தேன். எண்பத்து மூன்று கலவரத்தில் போர்டும் எரிந்தது, கடையும் எரிந்தது. ஒரு மைக் மட்டும் மிஞ்சியது, அது ஒரு வீட்டுப் பூப்புனித நீராட்டு விழாவுக்குப் போயிருந்ததால். அந்த ஒரு மைக்கிலிருந்து திரும்பவும் எழும்பினேன். நாற்காலி, பந்தல், ஜெனரேட்டர், பெரிய பெட்டி ஸ்பீக்கர், எல்லாம் என்னுடையது. வங்கியில் லோன் கேட்டால் படிப்பு என்ன என்று கேட்டார்கள். வங்கி இல்லாமலே செய்தேன். மகனை மெல்பர்னுக்கு அனுப்பினேன். மகள் வாசுகியைக் கணக்காளர் ஆக்கினேன். வெள்ளவத்தையில் கடல் தெரிகிற மாடியில் அவளுக்கு வீடு வாங்கிக் கொடுத்தேன்.

பெருமைக்குச் சொல்கிறேனா என்றால், ஆம், பெருமைக்குத்தான் சொல்கிறேன். வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

நான் இந்த மண்ணில் கால் வைத்த மாதம் இது. வருடா வருடம் இந்த மாதத்தில் உடன்குடிச் சங்க மலருக்கு ஒரு குறிப்பு எழுதி அனுப்புவேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்துங்கள். சொன்னதில் கை வைக்காதீர்கள். இந்த வருடம் அதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது.

2

போன மாதம் ஒரு காலை, வாசுகியின் வீட்டுப் பால்கனியில் நின்றுகொண்டிருந்தேன். நின்றேன் என்பது சும்மா சொல்வது. எனக்கு நிற்க வராது. இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடப்பேன். காலில் நீர் கட்டியதென்று கொட்டாஞ்சேனைக் கடையை வேலைக்காரர் பொறுப்பில் விட வைத்து, மகள் என்னை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறாள். ஒரு பக்கம் கடல், தண்டவாளம். மறுபக்கம் காலி என்கிற ஊர்வரை போகிற பெரிய ரோடான காலி வீதி, பஸ் ஹாரன், டியூஷன் வகுப்புக்கு ஓடுகிற பிள்ளைகள். நடுவில் நான், லிஃப்டில் ஏறி இறங்கிக்கொண்டு.

அப்போது கீழே என் குரல் போனது.

என் குரல் எனக்குத் தெரியாதா? ஒரு த்ரீவீலர் கூரையில் ஸ்பீக்கர். "அம்மாமாரே, அய்யாமாரே, வீடு இடிக்க வரவில்லை, ஆள் எண்ண வரவில்லை, உங்கள் குறையைக் கேட்க வருகிறோம்..." நான் பேசினதுதான். பின்னால் ஒரு வீணையைப் போட்டிருந்தார்கள். முழுவதையும் கேட்டேன். கடைசி வரிக்குக் காத்திருந்தேன். கடைசி வரி வரவில்லை. வீணை மட்டும் வந்தது.

இடுப்பில் கட்டியிருந்த சாரத்தோடு கீழே இறங்கினேன். த்ரீவீலர் லைட்டில் நின்றது. ஓட்டுகிறவன் சிங்களப் பையன்.

"மல்லி, மே காகெத கடஹண்ட?" என்றேன். இது யார் குரல் தம்பி என்று.

"தன்னே நே அங்கள், ஆண்டுவே எகக்" என்றான். தெரியாது அங்கிள், அரசாங்கத்து ஆளுடையது என்கிறான்.

லைட் பச்சையானது. என் குரல் பம்பலப்பிட்டிப் பக்கம் போய்விட்டது. நான் பஸ் தரிப்பில், பல் துலக்காத வாயோடு, அரசாங்கத்து ஆளாக நின்றேன்.

3

என்ன நடந்ததென்று ஒழுங்காகச் சொல்ல வேண்டும்.

இங்கே எங்கள் மாகாணத்துக்கு மனித உரிமைக் குறைகேள் அதிகாரி என்று ஒருவர் இருக்கிறார். போலீஸ், நகரசபை, பாடசாலை, ஆஸ்பத்திரி, எதுவானாலும் அரசாங்கத்து ஆள் உங்களுக்கு அநியாயம் செய்தால் அவரிடம் போய்ச் சொல்லலாம். வக்கீல் வேண்டாம், முத்திரை வேண்டாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அப்படி ஓர் இடம் இருக்கிறதென்று சனத்துக்குத் தெரியாது. அதனால் அவர்கள் தெருவுக்கு வந்து சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார்கள். பாடசாலைகளில் வகுப்பு, பஸ்ஸில் படம், சந்தியில் நாடகம், குடியிருப்பு மண்டபங்களில் மேசை போட்டு முறைப்பாடு எழுதும் அமர்வு.

அப்போது நான் கடையில்தான் இருந்தேன், நாடகத்துக்கு நான்தான் ஸ்பீக்கர் கொடுத்தேன். கறுப்புச் சட்டை போட்ட பிள்ளைகள் முகத்தில் வெள்ளை பூசிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் ஆடினார்கள். பேசாத நாடகத்துக்கு ஸ்பீக்கர் எதற்கென்று என் டிரைவர் பாரூக் கேட்டான். எனக்கும் விளங்கவில்லை. கட்டிக் கொடுத்தோம்.

இந்த வேலைகளைப் பார்க்கிறவர் நிரோஜினி என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை. சட்டம் படித்தவர். நல்ல பிள்ளை, உழைக்கிற பிள்ளை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொட்டாஞ்சேனை அமர்வுக்கு அறிவிப்புச் சொல்ல என் வண்டியைக் கேட்டு வந்தார். கையில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். "சகல பொதுமக்களுக்கும் அறியத் தருவது யாதெனில்" என்று தொடங்கி, மூச்சு விடாமல் ஒரு வாக்கியம். அதை அவரே வாசித்துக்கொண்டு ஒரு சுற்று வந்தோம். நாங்கள் நுழைந்த ஒழுங்கை எல்லாம், ஊரில் சந்து என்பீர்கள், கதவு சாத்தப்பட்டது.

"ஏன் ஐயா இந்தச் சனம் எங்களைக் கண்டு ஓடுது?" என்று கேட்டார்.

இது கொழும்பு வடக்கில் பிறந்து வளர்ந்த சனத்தின் பழக்கம். அரசாங்க வண்டி ஸ்பீக்கரோடு ஒழுங்கைக்குள் வந்தால், பெண்கள் அடுப்பை அணைத்து, அடையாள அட்டையையும் வீட்டுக் காகிதங்களையும் பையில் போட்டுக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டுச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வீட்டில் ஆள் இல்லாவிட்டால் நோட்டீஸ் கொடுக்க முடியாது, கையெழுத்து வாங்க முடியாது, இடிக்க நாள் குறிக்க முடியாது என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கு பல தடவை பலித்தும் இருக்கிறது.

"மிஸ், மைக்கை என்னிடம் தாங்க" என்றேன்.

வாங்கி என் வழியில் பேசினேன். சாவு அறிவிக்கிற மாதிரி நிதானமாக, திருவிழா அறிவிக்கிற மாதிரித் தெளிவாக. இடிக்க வரவில்லை, எண்ண வரவில்லை. தமிழில் சொல்லலாம், தமிழில் எழுதுவார்கள், எழுதினதை வாசித்துக் காட்டாமல் கையெழுத்துக் கேட்கமாட்டார்கள். கடைசியில் எங்கள் தொழில் வழக்கப்படி, "ஒலி அமைப்பு, கொட்டாஞ்சேனை தங்கம் சவுண்ட்ஸ்." கல்யாணமோ கருமாதியோ, இந்த வரி இல்லாமல் நான் மைக்கைக் கீழே வைத்ததில்லை. எந்த ஒலிபெருக்கிக்காரனும் வைக்கமாட்டான்.

கதவுகள் திறந்தன. அமர்வு நாளில் மண்டபத்துக்கு என் நாற்காலி போதாமல் கோயிலில் இருந்து வாங்குப் பெஞ்சு கொண்டுவந்தோம்.

பிறகு நிரோஜினி மிஸ், மாகாணம் முழுக்கப் போட வேண்டும், இதைப் பதிந்து தாருங்கள் ஐயா என்றார். கடைப் பின்னறையில் மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்து, ஒரே மூச்சில் பேசிக் கொடுத்தேன். கூலி வேண்டாம் என்றேன். கடைசி வரியோடுதான் கொடுத்தேன்.

4

அந்த வரிக்கு நான் ஏன் இப்படிக் கிடந்து துடிக்கிறேன் என்று ஊரில் இருக்கிற உங்களுக்குத் தோன்றலாம்.

இங்கே வந்த நாள் முதல் என்னைப் பற்றி மற்றவர்கள்தான் எழுதினார்கள். விசாப் புதுப்பிக்க ஒவ்வொரு தடவையும் போய் நிற்பேன். சிங்களத்தில் நிரப்புவார்கள், நான் கையெழுத்துப் போடுவேன். பல வருடம் கழித்து ஒரு தெரிந்த கிளார்க் வாசித்துச் சொன்னான், அந்த விசாப் புத்தகத்தில் நான் சமையல்காரனாம். எனக்குச் சுடுதண்ணீர் வைக்கத் தெரியாது. குடியுரிமை கிடைத்தபோது தொழில் என்ற இடத்தில் என்ன போடட்டும் என்று கேட்டார்கள். ஒலிபெருக்கி என்றேன். "வியாபாரம்" என்று போட்டார்கள். இங்கே என்னை இந்தியாக்காரர் என்பார்கள். ஊருக்கு வந்தால் சிலோன்காரர் என்பீர்கள். திருச்செந்தூர் பஸ்ஸில் "சல்லி மிச்சம் தாங்க" என்று நான் மீதிச் சில்லறை கேட்டதற்குக் கண்டக்டர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. ஊரை நினைத்து உருகுகிறவன் இல்லை நான். ஊரில் எனக்கு ஞாபகம் இருப்பது ஒன்றுதான்: கல்யாண வீட்டுப் பனைமரத்தில் கட்டின கூம்பும், பாட்டு முடிந்தவுடன் மைக் செட்காரர் தன் பெயரைச் சொல்லும் தோரணையும். பெரிய பண்ணையார் பெயரைவிட அந்த ஆள் பெயர்தான் தூரம் போகும். அன்றைக்கே எனக்கு அது பிடித்துவிட்டது.

இப்போது பேத்தி பிருந்தா. வாசுகியின் மகள். இங்கிலீஷில் படிக்கிறாள், இங்கிலீஷில் சிரிக்கிறாள். என்னோடு பேசுவது "தாத்தா, வைஃபை பாஸ்வேர்டை மாத்தினீங்களா?" அவ்வளவுதான். ஆனால் குரல் பதிந்த கதையைச் சொன்னபோது காது கொடுத்துக் கேட்டாள். அவள் பாடசாலைக்கும் குறைகேள் அதிகாரியின் காரியாலயத்தார் உரிமை வகுப்பு எடுக்கப் போயிருக்கிறார்கள். வகுப்பில் என் அறிவிப்பைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். பிள்ளை எழும்பி, இது என் தாத்தா என்று சொல்லியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து பையை எறிந்தாள்.

"எல்லாரும் சிரிச்சாங்க. டீச்சர் சொன்னாங்க, இது ப்ரொஃபெஷனல் ஆள் பேசினதாம். உங்க பேர் எங்க தாத்தா? நீங்கதானே சொன்னீங்க, கடைசில உங்க பேர் வரும்னு?"

"வெட்டிட்டாங்கம்மா."

"ஓ." அந்த ஓ-வை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பொய் சொன்ன பிள்ளையிடம் பெரியவர்கள் சொல்கிற ஓ.

வாசுகி சமையலறையில் இருந்து, "அப்பா, விடுங்கோவன். ஒரு வரிதானே" என்றாள்.

"ஒரு வரி எண்டால் போடுறதுக்கு என்ன கஷ்டம்?" என்றேன்.

"பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"

எங்கள் வீட்டில் பதில் இல்லாத கேள்விக்கெல்லாம் இதுதான் பதில்.

5

பாரூக் எனக்குப் போன் எடுத்தான். "முதலாளி, விசயம் தெரியுமா? மட்டக்குளி அமர்வுக்கு ஒரு மனுசன் வரல்லயாம். மேசையும் கதிரையும் நம்மடது, ஏத்திட்டு வாரன். அந்தப் புள்ள நிரோஜினிட மூஞ்சப் பார்க்க ஏலாமப் போச்சி."

"அறிவிப்புப் போட்டாங்களா?"

"போட்டாங்க. உங்கட குரல்தான். ஆனா வேற வண்டி. கடைசில உங்கட பேரு வாலு இல்ல."

எனக்குள்ளே ஒரு சந்தோஷம் வந்தது உண்மை. நான் இல்லாமல் நடத்திப் பார்த்தார்கள், நடக்கவில்லை. மகளிடம் மருந்துக்கடைக்கென்று சொல்லிவிட்டு மட்டக்குளி பஸ்ஸில் ஏறினேன்.

மட்டக்குளிக் குடியிருப்பில் ஸ்டெல்லா என்று ஒருவர் இருக்கிறார். மீன் பதப்படுத்தும் இடத்தில் வேலை. அவர் மகளின் கல்யாணத்துக்கு நான்தான் ஸ்பீக்கர் கட்டினேன். பலகை அடித்த சின்ன வீடு. அதில் ஸ்டெல்லாவும் புருஷனும் ஒரு பக்கம், கல்யாணம் கட்டின மகளும் மருமகனும் கைக்குழந்தையும் ஒரு பக்கம். அந்த வரிசை முழுவதையும் இடித்துவிட்டுத் தொடர்மாடியில் வீடு கொடுக்கப் போகிறார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு. எண்ண வந்தவர்கள் ஸ்டெல்லா வீட்டை ஒரே குடும்பமாக எண்ணிவிட்டார்கள், அடுப்பு ஒன்று என்பதால். அப்படியே விட்டால், இடிக்கிற அன்று மகள் குடும்பம் கைக்குழந்தையோடு தெருவில். அந்தக் குறையைச் சொல்லி எழுதி வைக்கத்தான் அந்த அமர்வு. ஸ்டெல்லாவுக்காகவே வைத்த மாதிரியான அமர்வு.

நான் போனபோது குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அமர்வுக்குப் போகலையாம்மா?"

"என்னா அமர்வு?"

"ஸ்பீக்கர்ல சொன்னாங்களே."

"ஐயோ, அதுவா. அத கேட்டுத்தானே பையத் தூக்கிட்டு வத்தளைக்கு ஓடினோம், தங்கச்சி வீட்டுக்கு. இப்பதான் வந்தேன்."

"இடிக்க வரலன்னு சொன்னாங்கல்ல?"

"இடிக்க வரலன்னு சொன்னாத்தான் ஐயா இடிப்பாங்க. போன தடவ வாழைத்தோட்டத்துப் பக்கம் அப்படித்தான் சொன்னாங்களாம்." குடத்தை நகர்த்தினார். "அதுல இன்னொன்னு. குரல் உங்க குரல் மாதிரியே இருந்துச்சு."

"என் குரல்தான்."

"அப்படித்தான் எங்க வீட்டு மனுசனும் சொன்னாரு, தங்கம் ஐயாதான் பேசுறாரு, இருப்போம்னு. நான்தான், கடைசி மட்டும் கேப்போம்னேன். கடைசில பேரு வரல்ல. அப்ப சொன்னேன், இது ஐயா இல்ல. ஐயா மாதிரி பேசுற ஆள வச்சு நம்மள ஏமாத்துறாங்க, கெளம்புன்னு."

பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கினாள். "ஐயா பேசினா பேரு சொல்லுவாரு. செத்த வீட்டுலயே சொல்லுவாரு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"பேரு வந்தா என்னாம்மா வித்தியாசம்?" என்று கேட்டேன். அவர் வாயால் கேட்க வேண்டும் என்றிருந்தது.

"பேரு சொன்னா, நாளைக்கு வேற மாதிரி நடந்தாலும் புடிச்சுக் கேக்க ஓர் ஆளு இருக்கு. கொட்டாஞ்சேனைல கடை இருக்கு. வந்து கத்தலாம். பேரு இல்லாத குரல எங்க போய் புடிக்கிறது?"

மனித உரிமை என்றால் என்ன என்று அந்தக் காரியாலயத்தின் புத்தகம் வழுவழுத் தாளில் பல பக்கம் எழுதியிருக்கிறது. நான் வாசித்துப் பார்த்தேன். இது அதில் இல்லை.

"இப்ப என்னா செய்யப் போறீங்க?" என்றேன்.

"என்னா செய்ய? நாள் போயிருச்சே. மகள நான் என்கூட வச்சுக்குவேன். மாடி வீட்டுல அஞ்சு பேரு படுக்க எடம் இருந்தா." குழந்தை அழுகிற சத்தம் உள்ளே கேட்டது. அவர் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தார். "நீங்க பேரச் சொல்லிக் கூப்பிடுங்க ஐயா. எந்த மண்டபம்னாலும் வாறேன். இந்த லயன் வீட்டுச் சனமே வரும்."

6

அப்படியே பாரூக்கை வரச் சொல்லி, குறைகேள் அதிகாரியின் காரியாலயத்துக்குப் போனேன். நிரோஜினி மிஸ் மேசையில் தலையைக் கையில் தாங்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார், அந்த மரியாதை அவருக்கு உண்டு.

"ஐயா, நான் உங்களுக்கு முதலே சொல்லியிருக்க வேணும். அந்தக் கடைசி வரியை மேலிடம் எடுக்கச் சொல்லிப் போட்டுது. வியாபாரப் பேர் அரசாங்க அறிவிப்பில வரேலாது. விளம்பரம் ஆகிடும்."

"விளம்பரமா? இத்தனை வருசத்தில நான் விளம்பரம் எண்டு ஒரு நாள் கொடுத்திருக்கிறேனா? பேர்தான் கொடுத்திருக்கிறேன்."

"விளங்குது. ஆனா எனக்கு மேல ஆக்கள் இருக்கினம்."

ஸ்டெல்லா சொன்னதை அப்படியே சொன்னேன். வத்தளைக்கு ஓடினதை, பிடித்துக் கேட்க ஆள் வேண்டும் என்றதை. நிரோஜினி மிஸ் எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தார், பிறகு எழுதாமல் கீழே வைத்தார்.

"அந்த அம்மாவை இஞ்ச கூட்டிக்கொண்டு வாங்கோ, நானே எழுதுறன்."

"அவங்க மட்டும் இல்ல மிஸ், லயனே பையத் தூக்கிட்டு ஓடியிருக்கு. எத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு வர? மண்டபத்தில இன்னொரு நாள் போடுங்க. அறிவிப்பு நான் நேரில சொல்லுறேன்."

"வரி?"

"வரியோடதான்."

மிஸ் எழும்பி ஜன்னலுக்குப் போனார். வெளியே மரத்தடியில் நின்ற எங்கள் த்ரீவீலரைப் பார்த்தார்.

"அந்த வாகனம் எங்கட இல்லைத்தானே?"

"என்ர. பாரூக் ஓட்டுறான்."

"அப்ப உங்கட வாகனத்தில நீங்கள் கதைக்கிறது எனக்குக் கேக்கேல்ல." சிரிக்காமல் சொன்னார். "ஆனா பதிவில போடேலாது. அது வேற."

கதவடியில் நின்று கேட்ட பாரூக், நான் வெளியே வந்ததும் சொன்னான், "நல்ல புள்ள. ஆனா காது கொஞ்சம் மந்தமா இரிக்கி."

புது நாள் குறித்ததும் மட்டக்குளிக்குப் போனோம். மகள் போன் அடித்துக்கொண்டே இருந்தாள். ஒழுங்கைக்குள் நுழைந்ததும் வழக்கம்போல் ஒரு கதவு சாத்தினது. நான் வேறு விதமாகத் தொடங்கினேன். கடைசியில் வைத்தால்தானே வெட்டுவார்கள், முதலிலேயே வைத்தேன்.

"கொட்டாஞ்சேனை தங்கப்பழம் பேசுகிறேன். தங்கம் சவுண்ட்ஸ் தங்கப்பழம். பொய் என்றால் நாளைக்கு என் கடை வாசலில் வந்து கேளுங்கள்..."

சாத்தின கதவு திறந்தது. ஒரு கிழவி எட்டிப் பார்த்து, "இன்னும் சாகலையா நீ?" என்று கேட்டாள். அங்கே அதுதான் வரவேற்பு.

அமர்வு நாளில் ஸ்டெல்லாதான் முதலில் வந்தார், மகளோடும் குழந்தையோடும் அதே பையோடும். வீட்டைப் பூட்டி ஓடுவதற்கென்றே அந்தப் பையைக் கட்டி வைத்திருந்தார்கள். அன்றைக்கு அது மேசையில் திறந்தது. நிரோஜினி மிஸ் தமிழில் கேட்டார், தமிழில் எழுதினார், வாசித்துக் காட்டினார். ஸ்டெல்லா ஓரிடத்தில் நிறுத்தி, "அடுப்பு ஒண்ணு, ஆனா சட்டி ரெண்டுன்னு எழுதுங்க மிஸ், நாங்க தனித்தனியாத்தான் ஆக்குறோம்" என்றார். எழுதினார்கள். பிறகுதான் கையெழுத்து. வீட்டைத் திரும்ப வந்து பார்க்கும்வரை அந்த வரிசையில் கை வைக்கக்கூடாதென்று நகரசபைக்குச் சொல்வதாகச் சொன்னார்கள். முடிவு இன்னும் வரவில்லை. ஸ்டெல்லா இரண்டு நாளைக்கு ஒரு தடவை எனக்குப் போன் எடுக்கிறார். நான் பேர் சொன்னேன் அல்லவா, என்னைத்தான் பிடித்துக் கேட்கிறார். கேட்கட்டும். நானும் மிஸ்ஸுக்கு எடுத்துக் கேட்கிறேன்.

பின்னால் ஆள் வரிசை மண்டபத்துக்கு வெளியே போய், தெருவில் வளைந்தது. மேலிடத்து ஆட்கள் வந்து படம் எடுத்தார்கள். நான் வண்டியில் இருந்தேன். வண்டியும் மண்டபமும் சேர்ந்து வர வேண்டும் என்றால் இன்னும் கொஞ்சம் பின்னால் போய் எடுத்திருக்க வேண்டும். யாரும் பின்னால் போகவில்லை.

7

இப்போது வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் அந்தக் காரியாலயத்தின் கண்காட்சி நடக்கிறது. மக்களுக்கு உரிமையைக் கொண்டுபோன திட்டங்கள் எல்லாம் படமாகத் தொங்குகின்றன. வாசுகி கூட்டிப் போனாள். பிருந்தா காதில் மாட்டினதை எடுக்காமல் வந்தாள். பேசாத நாடகப் பிள்ளைகளின் பெயர்கள் ஒன்று விடாமல் இருந்தன. மட்டக்குளி வரிசை பெரிய படமாக இருந்தது. கீழே "சமூகக் குரலின் வெற்றி" என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு பொத்தான். அமுக்கினால் என் குரல் வரும், வீணை வரும், முடியும்.

ஒரு மனுசி அமுக்கிக் கேட்டுவிட்டு, "யாரோ நல்லா பேசியிருக்காங்க" என்று போனார்.

யாரோ.

மறுநாள் நிரோஜினி மிஸ் போன் எடுத்தார். புது இடங்களுக்கு ஏற்ற மாதிரி அறிவிப்பைத் திரும்பப் பதிய வேண்டும், வருவீர்களா ஐயா என்று. வருகிறேன் என்றேன். ஆனால் இந்த முறை பெயர் வாலில் இருக்காது. தலையிலும் இருக்காது, அதையும் வெட்ட முடியும். நடுவில் வைக்கப்போகிறேன். "உங்கள் குறையைத் தமிழில் எழுதுவார்கள் என்று தங்கப்பழம் சொல்கிறேன், எழுதாவிட்டால் தங்கப்பழத்தைப் பிடித்துக் கேளுங்கள், கையெழுத்துக்கு முன் வாசித்துக் காட்டுவார்கள் என்றும் தங்கப்பழம் சொல்கிறேன்." வெட்டட்டும் பார்ப்போம். அதை வெட்டினால் சொல்ல வந்ததும் சேர்ந்து போய்விடும்.

"ஐயா, இதுக்கு நான் மேலிடத்தில கேக்க வேணும்" என்றார் மிஸ்.

"கேளுங்கோ. நான் இங்கதான் நடந்துகொண்டிருக்கிறேன்."

இன்னும் பதில் வரவில்லை. நானும் நடந்துகொண்டுதான் இருக்கிறேன், பால்கனியில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும். கீழே த்ரீவீலர் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கிறேன்.

சங்கத்தாருக்கும் ஊராருக்கும் அந்தக் காரியாலயத்துக்கும் ஒன்றாகச் சொல்கிறேன். பூட்டிய கதவைத் திறக்க வைத்தது வீணை இல்லை. வழுவழுப் புத்தகம் இல்லை. பிடித்துக் கேட்க முடிகிற ஒரு பெயர். அந்தப் பெயரைக் கொடுத்தது நான். கண்காட்சிப் படத்தின் கீழே அதை எழுத வேண்டும், பொத்தானை அமுக்கினால் அது வர வேண்டும், பிருந்தாவின் வகுப்பில் இன்னொரு தடவை போய் அதைப் போட்டுக் காட்ட வேண்டும். மலர் ஆசிரியர் இந்தக் குறிப்பை இடத்துக்காகக் குறைக்க நினைத்தால் எங்கே வேண்டுமானாலும் குறைக்கட்டும், அண்டா துடைத்ததை எடுக்கட்டும், எரிந்ததை எடுக்கட்டும், மெல்பர்னை எடுக்கட்டும், ஆனால் மட்டக்குளியில் அந்தக் கதவு திறந்தது உடன்குடி ஆ. தங்கப்பழம் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதால்தான் என்ற இந்த வாக்கியத்தில் கை வைக்கக்கூடாது.